ஏரிக்கரை வரை நீளும் சிகிச்சை: எத்தியோப்பியாவின் ஃபிஸ்டுலா மருத்துவமனைகள் வழியே

தடைபட்டு நின்ற பிரசவம் ஒரு பெண்ணின் உடலில் விட்டுச்செல்லும் காயங்களில் மிகக் கொடியது பிரசவ ஃபிஸ்டுலா. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கி, வெளியே வர வழியின்றி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. வலி எடுக்கும்போதெல்லாம் தலை எலும்போடு இன்னும் அழுந்துகிறது. இடையில் அகப்பட்ட பிறப்புவழிச் சுவரும் சிறுநீர்ப்பையும், சிலருக்கு மலக்குடலும், ரத்த ஓட்டம் இழந்து நசுங்குகின்றன. இரண்டு நாள், மூன்று நாள் என்று இந்த நிலை நீண்டால் குழந்தை பெரும்பாலும் வயிற்றிலேயே இறந்துவிடும். தாய் உயிர் பிழைத்தால், சில நாள்களில் செத்த திசு உதிர்ந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே துளை விழுகிறது. அன்றிலிருந்து சிறுநீர் இரவு பகல் பாராமல் கசிந்துகொண்டே இருக்கும். மலக்குடலிலும் துளை விழுந்திருந்தால் மலமும் கசியும்.

உரிய நேரத்தில் சிசேரியன் செய்துவிட்டால் இந்தக் காயமே ஏற்படாது. அதனால்தான் செல்வ நாடுகளில் இது இருபதாம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ மறைந்துபோனது. ஆனாலும் ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும், சாலையும் மருத்துவமனையும் எட்டாத ஊர்களில் வாழும் ஏழைப் பெண்கள்.

இந்த ஒரு காயத்துக்கென்றே மருத்துவமனைகளை எழுப்பி, அறுவை சிகிச்சையோடு நின்றுவிடாமல், பெண்ணுக்கு நடையையும் எழுத்தையும் தொழிலையும் ஊரையும் திருப்பிக் கொடுக்கும் முறையை வளர்த்தெடுத்த நாடு எத்தியோப்பியா. தலைநகர் அடிஸ் அபாபாவில் தொடங்கி, வடக்கே நீல நைல் பள்ளத்தாக்கைக் கடந்து, தானா ஏரிக்கரையில் உள்ள பஹிர் தார் நகரம் வரை செல்லும் பாதையில் இந்த முறையின் எல்லாக் கட்டங்களையும் காணலாம்.

தலைநகரும் ஒரு இளவரசியின் மரணமும்

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேடும் பள்ளமுமான தெருக்களில் நீலமும் வெள்ளையும் பூசிய மினி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. வடக்கே எழும் எந்தோட்டோ மலை முழுக்க யூகலிப்டஸ் மரங்கள். பேரரசர் இரண்டாம் மெனெலிக் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம் இது. இன்றும் அந்த மலையிலிருந்து பெண்கள் ஆளுயர விறகுக் கட்டுகளை முதுகில் சுமந்து, குனிந்தபடி இறங்கி வருவதைப் பார்க்கலாம். சிறு வயதிலேயே தொடங்கும் கடும் உழைப்பும் போதாத சாப்பாடும் இந்த நாட்டுப் பெண்களின் உடல் வளர்ச்சியைக் குறைத்திருக்கின்றன. இடுப்பெலும்பு முழு அகலம் பெறாமல் போவதற்கும் அதுவே ஒரு காரணம்.

நகரின் பழைய மருத்துவமனைகளில் ஒன்று இளவரசி செஹாயின் பெயரைத் தாங்கியது. பேரரசர் ஹைலே செலாசியின் மகளான செஹாய், இத்தாலி எத்தியோப்பியாவைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் குடும்பத்தோடு இங்கிலாந்தில் தங்கி, லண்டனில் செவிலியர் பயிற்சி பெற்றவர். நாடு திரும்பித் திருமணம் செய்துகொண்ட அவர், 1942இல் பிரசவச் சிக்கலால் இறந்தார். அரண்மனைப் பெண்ணுக்கே பிரசவத்தில் உயிர் உறுதியில்லை என்றால், மலைக்கிராமத்துப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1959இல் அந்த மருத்துவமனைக்கு ஒரு மருத்துவத் தம்பதி வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேத்தரின் ஹாம்லினும் நியூஸிலாந்தில் பிறந்த அவருடைய கணவர் ரெஜினால்ட் ஹாம்லினும் மகப்பேறு மருத்துவர்கள். மருத்துவச்சிகளுக்கான பள்ளி தொடங்க ஆள் தேவை என்று லான்செட் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஃபிஸ்டுலாவை அவர்கள் அதற்கு முன் பாடப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்தார்கள். இங்கே அந்தப் பெண்கள் நாள்தோறும் வந்தார்கள். தம்பதியர் பழைய மருத்துவ நூல்களைத் தேடிப் படித்து, அறுவை முறைகளைக் கற்று, ஒவ்வொருவராகக் குணப்படுத்தத் தொடங்கினார்கள். செய்தி பரவப் பரவ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பொது மருத்துவமனையின் படுக்கைகள் போதவில்லை. கசிவின் நாற்றத்தால் மற்ற நோயாளிகள் ஒதுங்கினார்கள். இவர்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. 1974இல், பேரரசர் பதவி பறிக்கப்பட்ட அதே ஆண்டில், அடிஸ் அபாபா ஃபிஸ்டுலா மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்து வந்த ராணுவ ஆட்சியின் நெருக்கடிகளிலும் பஞ்சத்திலும் அது மூடப்படவில்லை. ரெஜினால்ட் 1993இல் காலமானார். கேத்தரின் மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2020 மார்ச்சில் தம் 96ஆம் வயதில் மறைந்தார். இதுவரை 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் இந்த நிறுவனத்தில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

பழைய காயம்

இந்தக் காயம் மனித குலத்துக்குப் புதிதல்ல. எகிப்தின் டெய்ர் எல் பஹாரியில் கண்டெடுக்கப்பட்ட ஹென்ஹெனித் என்ற அரண்மனைப் பெண்ணின் பதப்படுத்திய உடலில், குறுகிய இடுப்பெலும்பும் சிறுநீர்ப்பையில் பெரிய கிழிசலும் இருந்தன. அவர் வாழ்ந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு.

நிலையான அறுவை முறை உருவானது அமெரிக்காவில், கொடிய அநீதி ஒன்றின் மேல். 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்தில் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின் உடலில், மயக்க மருந்தின்றி, மீண்டும் மீண்டும் கத்தி வைத்துத் தம் முறையைச் செம்மைப்படுத்தினார். அனார்க்கா, லூசி, பெட்சி என்று அவர்களில் மூவரின் பெயர்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அனார்க்காவுக்கு ஏறக்குறைய முப்பது முறை அறுவை நடந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது. இன்று உலகில் ஃபிஸ்டுலாவிலிருந்து குணமடையும் ஒவ்வொரு பெண்ணும் அந்த மூவருக்குக் கடன்பட்டவர். நோயாளியின் சம்மதமும் வலியும் கண்ணியமும் சிகிச்சையின் உள்ளேயே இடம்பெற வேண்டும் என்பதை இந்த வரலாறு வற்புறுத்துகிறது.

வளாகத்துக்குள்

அடிஸ் அபாபா மருத்துவமனை ஒரு சிற்றாற்றின் கரையில், மரங்களும் பூச்செடிகளும் அடர்ந்த தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. ஆண்டுக்கணக்கில் மாட்டுக் கொட்டகையிலோ வீட்டுக்குப் பின்னால் போட்ட தனிக் குடிசையிலோ ஒதுங்கிக் கிடந்த பெண், முதன்முறையாக மற்றவர்களோடு வெயிலில் உட்காரும் இடம் அது. நிறம் நிறமான கம்பளிச் சதுரங்களைப் பின்னி இணைத்த போர்வைகளைத் தோளில் சுற்றிக்கொண்டு, சிறுநீரை வெளியேற்றும் கத்தீட்டர் குழாயைக் கையில் பிடித்தபடி பெண்கள் புல்தரையில் நடக்கிறார்கள். வெளியே தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தவருக்கு, உள்ளே எல்லோரும் தன்னைப் போன்றவர்கள் என்று தெரியவருவதே முதல் மருந்து.

வந்து சேருபவர் துளையோடு மட்டும் வருவதில்லை. ஓயாத ஈரத்தால் தொடைத் தோல் வெந்து புண்ணாகியிருக்கும். கசிவு குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருப்பார். அதனால் சிறுநீர் அடர்ந்து புண்கள் மோசமாகும். சிறுநீர்ப்பையில் கல் சேரும். பிரசவத்தின்போது இடுப்பு நரம்புகள் நசுங்கியதால் பாதம் மேலே எழும்பாமல் தொங்கும். படுத்தபடியே கால்களை மடக்கி வைத்துப் பல மாதம் கழித்ததால் முழங்கால் மூட்டுகள் நீட்ட முடியாமல் இறுகியிருக்கும். ரத்தசோகையும் எடைக்குறைவும் இருக்கும். சிலருக்கு மாதவிடாய் நின்றுபோயிருக்கும்.

உடலின் கணக்கு இவ்வளவு என்றால், வாழ்வின் கணக்கு இன்னும் பெரிது. குழந்தை இறந்திருக்கும். பலரைக் கணவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார், அல்லது வேறு மணம் செய்திருப்பார். எத்தியோப்பிய ஊர்களில் காபிக் கொட்டையை வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றி முடியும்வரை அக்கம்பக்கத்தார் சேர்ந்து உட்கார்ந்திருப்பது அன்றாட வழக்கம். நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் பேசப்படும். ஈரத் துணியோடு அந்த வட்டத்தில் உட்கார முடியாது. தூய்மை விதிகளால் தேவாலயத்துக்குள்ளும் போக முடியாது. மருத்துவமனை இருப்பது தெரிந்து பஸ் ஏறினாலும், உடன் வருபவர்கள் நாற்றம் தாங்காமல் வழியில் இறக்கிவிடுவதுண்டு. மனச்சோர்வும் சாக வேண்டும் என்ற எண்ணமும் இந்தப் பெண்களிடையே மிகுதி.

ஆகவே சிகிச்சை அறுவை மேசையில் தொடங்குவதில்லை. குளியல், மாற்றுத் துணி, தோல் புண்ணுக்கு மருந்து, வயிறு நிறையச் சாப்பாடு, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கத் தண்ணீர் ஆகியவை முதல் கட்டம். மிகவும் மெலிந்தவர்களுக்கு உடல் தேறப் பல வாரம், சிலருக்குப் பல மாதம் ஆகும். அதுவரை அறுவை தள்ளிவைக்கப்படும். இறுகிய மூட்டுகளை இயன்முறைச் சிகிச்சையாளர்கள் நாளும் கொஞ்சமாக நீட்டிப் பழக்குவார்கள். தூக்கி வரப்பட்டவர்கள் முதலில் கைத்தாங்கலோடும் பிறகு ஊன்றுகோலோடும் நடக்கக் கற்கிறார்கள். துளை எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்பதை அறியச் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் செலுத்திப் பார்ப்பது எளிய, நம்பகமான சோதனை.

அறுவை பெரும்பாலும் முதுகுத்தண்டு மயக்க ஊசியோடு, பிறப்புவழி மூலமாகவே செய்யப்படுகிறது. தழும்பேறிய திசுவைக் கவனமாகப் பிரித்து, சிறுநீர்ப்பையின் விளிம்புகளை இழுவிசை இல்லாமல் சேர்த்து, தானே கரையும் நூலால் தைத்து, சாயத்தால் மறுபடி சோதிப்பார்கள். வயிற்றைத் திறக்க வேண்டிய தேவை சிலருக்கே. அடுத்த நாள்கள் அறுவைக்கு இணையாக முக்கியம். தைத்த இடம் ஆற வேண்டுமானால் சிறுநீர்ப்பை நிறையாமல் காலியாகவே இருக்க வேண்டும். அதற்குக் கத்தீட்டர் அடைபடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எளிய ஃபிஸ்டுலாக்களுக்கு 7 முதல் 10 நாள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் தந்த வழிகாட்டுதல். சிக்கலானவற்றுக்கு அதைவிட அதிக நாள்கள். தண்ணீரைத் தவிர்த்தே வாழ்ந்த பெண்ணை, நிறையக் குடிக்கச் சொல்லி நம்பவைப்பது செவிலியரின் பெரும் வேலை.

அந்த வேலையை மிக நன்றாகச் செய்பவர்கள் முன்னாள் நோயாளிகள். இந்த மருத்துவமனையின் செவிலி உதவியாளர்களில் பலர் இங்கேயே குணமாகித் தங்கியவர்கள். புதிதாக வந்தவர் கூசாமல் பேசுவதும், சொன்னதைக் கேட்பதும் அவர்களிடம்தான். அவர்களில் ஒருவரான மமிட்டு காஷே 1962இல், பதின்ம வயதில், நெடும் பிரசவத்துக்குப் பிறகு ஹாம்லின் தம்பதியரிடம் வந்து சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. படுக்கை விரிப்பது, சக நோயாளிகளைக் கவனிப்பது என்று தொடங்கி, அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்துப் பழகி, தாமே ஃபிஸ்டுலா அறுவை செய்பவரானார். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்த மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். லண்டன் அறுவை மருத்துவர்களின் அரசக் கல்லூரி 1989இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

பத்தில் ஒன்பது பேருக்குத் துளை மூடிவிடுகிறது. ஆனால் துளை மூடினாலே கசிவு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. சிறுநீரை அடக்கும் தசைகள் அழிந்துபோன சிலருக்கு இருமினாலோ எழுந்தாலோ கசியும். அவர்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, சிறு கருவிகள், தேவைப்பட்டால் இன்னொரு அறுவை என்று கவனிப்பு தொடர்கிறது. இறங்கிய கர்ப்பப்பைக்கும் இங்கே சிகிச்சை உண்டு. இடையில் எழுத்து, எண், கைத்தொழில் வகுப்புகள் நடக்கின்றன. உளவியல் ஆலோசகர்கள் தனியாகவும் குழுவாகவும் பேசுகிறார்கள். ஊர் திரும்பும் நாளில் ஒவ்வொருவருக்கும் புதிய உடையும் பஸ் கட்டணமும் தரப்படுகின்றன. சிகிச்சை முழுவதும் இலவசம். ஈரத் துணியோடு வந்தவர், புத்தாடையில் மற்றவர்களின் கைதட்டலோடு வாசலைத் தாண்டுவது இந்த வளாகத்தின் வழக்கம்.

மகிழ்ச்சி கிராமம்

நகருக்கு வெளியே, அரசு கொடுத்த நிலத்தில் அமைந்திருக்கிறது டெஸ்டா மெண்டர். மகிழ்ச்சி கிராமம் என்று பொருள்படும் இந்தக் குடியிருப்பு, குணமாக்க முடியாத பெண்களை எண்ணி 2000களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. சிலருக்குச் சிறுநீர்ப்பையே மிச்சமிருக்காது. அவர்களுக்குச் சிறுநீரைக் குடலின் ஒரு பகுதி வழியாக வயிற்றில் பொருத்திய பைக்குத் திருப்பிவிட வேண்டும். அந்தப் பையை மாற்றவும் சுத்தமாக வைத்திருக்கவும் தொற்று வந்தால் உடனே காட்டவும் தண்ணீர் வசதியும் மருத்துவமனையும் அருகில் வேண்டும். தொலைதூர மலைக்கிராமத்தில் அது முடியாது.

சிறு வீடுகள், காய்கறித் தோட்டம், கறவை மாடுகள், சிற்றுண்டிச்சாலை என்று இந்த இடம் ஒரு ஊராகவே இயங்குகிறது. தொடக்கத்தில் இங்கே வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்கினார்கள். பின்னர் நோக்கம் மாறியது. எவ்வளவு அன்பான இடமானாலும் உலகிலிருந்து விலகிய இடம் என்பதால், பயிற்சி கொடுத்து வெளியே வாழவைப்பதே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். சமையல், தோட்டம், பால் பண்ணை, கைவினை, கணக்கு வைத்தல் ஆகியவற்றைக் கற்று, தொடக்க முதலோடு பலர் சொந்தத் தொழிலுக்குச் சென்றிருக்கிறார்கள். முழுமையாகக் குணமாகாத உடலோடும் முழுமையான வாழ்க்கை உண்டு என்பதை இந்தப் பெண்களின் சம்பாத்தியம் நிறுவுகிறது. சொந்தக் காசு கையில் இருக்கும் பெண்ணை உறவினர் ஒதுக்குவது கடினம். மறுவாழ்வுப் பணியில் இருப்பவர்கள் தொழிற்பயிற்சியை மருத்துவத்தின் பகுதியாகவே கருதுவது இதனால்தான்.

டெஸ்டா மெண்டரை அடுத்து ஹாம்லின் மருத்துவச்சிகள் கல்லூரி 2007இல் தொடங்கியது. கிராமப்புறங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, செலவில்லாமல் படிக்கவைத்து, அவரவர் வட்டாரத்துக்கே பணிக்கு அனுப்புவது இதன் முறை. முதல் அணி 2010இல் பட்டம் பெற்றது. வட்டார மொழியும் வழக்கமும் தெரிந்த மருத்துவச்சியிடம் கர்ப்பிணிகள் தயங்காமல் வருகிறார்கள்.

மருத்துவச்சியின் முதன்மையான ஆயுதம் ஒரு தாள். பிரசவ முன்னேற்றத்தை மணிக்கு மணி குறிக்கும் பார்ட்டோகிராஃப் வரைபடம் அது. கர்ப்பப்பை வாய் திறக்கும் வேகம், குழந்தையின் இதயத் துடிப்பு, தலை இறங்கும் அளவு ஆகியவற்றைக் குறித்துவந்தால், பிரசவம் தடைபடுவது சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் தாயும் சேயும் பிழைப்பார்கள். தாமதமாக வந்தவருக்கும் ஒன்று செய்ய முடியும். நெடும் பிரசவத்துக்குப் பிறகு உடனே கத்தீட்டர் பொருத்திச் சில வாரம் வைத்திருந்தால், சிறிய துளைகள் அறுவையின்றித் தாமாகவே மூடிக்கொள்வதுண்டு.

வடக்குச் சாலை

அடிஸ் அபாபாவிலிருந்து பஹிர் தார் 500 கிலோமீட்டருக்கு மேல். எந்தோட்டோவைத் தாண்டியதும் சுலுல்தா சமவெளி விரிகிறது. டெஃப் தானிய வயல்களும் வைக்கோல் போர்களும், நெடுக ஆடுமாடுகளும். டெப்ரே லிபனோஸ் மடத்தின் அருகே பாறை விளிம்பில் ஜெலாடா குரங்குகள் புல் மேய்கின்றன. கோஹா ட்ஸியோன் ஊருக்குப் பிறகு நிலம் சட்டென்று இல்லாமல் போகிறது. சாலை வளைந்து வளைந்து, ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கி, அபாய் எனப்படும் நீல நைலை அடைகிறது. ஆற்றின் மேல் ஜப்பான் உதவியோடு 2008இல் திறக்கப்பட்ட பாலம் நிற்கிறது. மறுபுறம் அதே அளவு ஏற்றம். தேஜென், டெப்ரே மார்கோஸ் என்று ஊர்கள் வருகின்றன. இது நாட்டின் முதன்மைச் சாலைகளில் ஒன்று. இதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகளின் முனையில், மணிக்கணக்கில் நடந்தால் மட்டுமே எட்டும் மலை முகடுகளில் பெரும்பாலான கிராமங்கள் இருக்கின்றன. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் கிடத்தி, ஆண்கள் தோள் மாற்றிச் சுமந்துதான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதிய கட்டுரையில், தாய்மார்களின் மரணத்துக்கு வழிவிடும் தாமதங்களை மூன்றாகப் பிரித்தார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஃபிஸ்டுலாவுக்கும் இது அப்படியே பொருந்தும். முதல் தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. பிரசவத்தில் இருக்கும் பெண்ணின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருப்பதில்லை. மாமியாரும் கணவரும் முடிவெடுக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இரண்டாவது இந்தப் பள்ளத்தாக்குகளில் நடக்கிறது. மூன்றாவது, அறுவை செய்ய ஆளோ ரத்தமோ மின்சாரமோ இல்லாத மருத்துவ நிலையங்களில்.

சாலை செல்லும் அம்ஹாரா வட்டாரம் சிறுவயதுத் திருமணத்துக்குப் பெயர்பெற்றது. 2000ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட குடும்பச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 18 ஆக்கியும் வழக்கம் மெதுவாகவே மாறிவருகிறது. ஆயினும் இளவயதுத் தாய்மை மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு. பல குழந்தைகளைச் சிக்கலின்றிப் பெற்ற முதிர்ந்த பெண்ணுக்கும், குழந்தை குறுக்காகத் திரும்பியிருந்தாலோ தலை பெரிதாக இருந்தாலோ பிரசவம் தடைபடலாம். வயது எதுவானாலும், தடைபட்ட பிரசவத்துக்கு உதவி எட்டாததே காயத்தின் நேர்க் காரணம்.

பஹிர் தார்

தானா ஏரி எத்தியோப்பியாவின் மிகப் பெரிய ஏரி. நீல நைல் பிறப்பது இங்கே. பாப்பிரஸ் தண்டுகளைக் கட்டிய தான்குவா படகுகளில் மீனவர்கள் செல்கிறார்கள். தென்கரையில் பனைமர வீதிகளோடு விரிந்திருக்கும் பஹிர் தாரில், ஹாம்லின் அமைப்பின் முதல் வட்டார ஃபிஸ்டுலா மையம் 2005இல் திறந்தது. பிறகு மெகெலே, யிர்காலெம், ஹரார், மெட்டு ஆகிய நகரங்களிலும் மையங்கள் வந்தன. 500 கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு 100 கிலோமீட்டரில் சிகிச்சை கிடைப்பது அறுவையின் தேர்ச்சியைப் போலவே முக்கியமானது. சொந்த மொழி பேசும் இடத்தில் குணமாவதும், உறவினர் வந்து பார்க்க முடிவதும் ஊர் திரும்புதலை எளிதாக்குகின்றன.

திரும்பிப் போகும் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பப்படும் அறிவுரைகள் தெளிவானவை. சில மாதம் உடலுறவும் பாரம் சுமப்பதும் கூடாது. அடுத்த கர்ப்பத்தில் தொடக்கத்திலிருந்தே சோதனைக்கு வர வேண்டும். குழந்தை சிசேரியனில்தான் பிறக்க வேண்டும். தைத்த இடம் இன்னொரு நெடும் பிரசவத்தைத் தாங்காது. இதைக் கணவரும் குடும்பமும் புரிந்துகொள்ளாவிட்டால் முழுச் சிகிச்சையும் வீணாகிவிடும். எனவே குடும்பத்தாரிடம் பேசுவதும், ஊர்ச் சுகாதாரப் பணியாளரோடு தொடர்பு வைப்பதும் மையத்தின் பொறுப்பு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் மருத்துவமனை அருகிலேயே தங்கியிருக்கும் காத்திருப்பு இல்லங்கள் தூரத்துப் பெண்களுக்குப் பெரும் உதவி. குராகே வட்டாரத்தின் அத்தாட் மருத்துவமனை 1970களிலிருந்தே இப்படி ஒரு இல்லத்தை நடத்திவருகிறது.

அரசின் பங்கும் பெரிது. 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில் பல்லாயிரம் இளம்பெண்கள் பயிற்சி பெற்று, தங்கள் ஊர்களிலேயே பணியமர்த்தப்பட்டார்கள். வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், ஒளிந்து வாழும் ஃபிஸ்டுலா நோயாளிகளைக் கண்டறிவதும் அவர்களால் முடிந்தது. மருத்துவர்கள் போதாத இடங்களில் சிசேரியன் செய்ய, மருத்துவர் அல்லாத சுகாதார அலுவலர்களுக்கு 2009 முதல் அவசர அறுவைப் பயிற்சி தரப்படுகிறது. பலன் எண்களில் தெரிகிறது. மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 2000இல் 5 சதவீதம், 2016இல் 26, 2019இல் 48. புதிய ஃபிஸ்டுலாக்கள் குறைந்துவருகின்றன.

குறையும்போது அதன் தன்மையும் மாறுகிறது. நெடும் பிரசவத்தால் வரும் துளைகள் குறைய, அவசரத்தில் செய்த சிசேரியனிலோ கர்ப்பப்பை நீக்கத்திலோ சிறுநீர்ப்பையும் சிறுநீர்க் குழாயும் தவறுதலாகக் காயமடைந்து வரும் பெண்களின் விகிதம் கூடியிருக்கிறது. இவற்றைச் சரிசெய்ய வேறு வகைத் தேர்ச்சி வேண்டும். அறுவையின் எண்ணிக்கையோடு தரமும் உயர வேண்டும் என்பதே இதன் பாடம்.

போர் இந்த முன்னேற்றத்தைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது. 2020 நவம்பர் முதல் இரண்டு ஆண்டு நீடித்த டிக்ரே போரில் மருத்துவ நிலையங்கள் சூறையாடப்பட்டன, ஆம்புலன்ஸ்கள் பறிபோயின, பாலியல் வன்முறையால் காயமுற்ற பெண்களின் தேவைகளும் சேர்ந்தன. 2023 ஆகஸ்டிலிருந்து அம்ஹாராவிலும் மோதல். பஹிர் தார் சாலை அவ்வப்போது மூடப்படுகிறது. சாலை மூடிய ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு பெண்ணின் பிரசவம் தடைபட்டு நிற்கக்கூடிய நாள்.

ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2003இல் ஃபிஸ்டுலா ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 2013 முதல் மே 23 இதற்கான உலக நாள். 2030க்குள் இந்தக் காயத்தை ஒழிப்பதே இலக்கு. அதற்குத் தேவையானவை எவை என்பதை இந்தச் சாலை நெடுகிலும் உள்ள பணிகள் காட்டிவிட்டன: பெண்குழந்தைக்குப் போதிய சாப்பாடும் பள்ளியும், தாமதமான திருமணம், ஊரிலேயே தேர்ந்த மருத்துவச்சி, எட்டும் தொலைவில் அறுவைக் கூடம், காயமுற்றவருக்கு இலவசச் சிகிச்சை, குணமாகாதவருக்குத் தொழிலும் வீடும். இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. மமிட்டு காஷே சேர்ந்த காலத்தில் அடிஸ் அபாபாவில் ஒரே ஒரு பொது மருத்துவமனையின் சில படுக்கைகளில் கிடைத்த இந்தச் சிகிச்சை, இன்று ஆறு நகரங்களில் கிடைக்கிறது. அதை எஞ்சிய மலைக்கிராமங்களுக்கும் கொண்டுசேர்ப்பது பணமும் அமைதியும் அரசின் உறுதியும் சார்ந்த வேலை. அந்த வேலை முடியும்வரை ஃபிஸ்டுலா ஏழைப் பெண்ணின் விதி என்று யாரும் சொல்லக் கூடாது.